இருட்டில் பார்க்கும் மீன்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள மில் லாக்ஸ் ஏரியில், அக்டோபர் மாதத்தில் பொழுது சாயும்போதுதான் தூண்டில்காரர்கள் சுறுசுறுப்பாவார்கள். கரையில் இலைகள் மஞ்சளாகி உதிரும். காற்றில் குளிர் ஏறும். அவர்கள் காத்திருப்பது 'வால்-ஐ' மீனுக்காக. 1965 முதல் இதுதான் மாநில மீன். பூனைக்கு இருப்பதுபோல இதன் கண்ணிலும் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் உண்டு. அதனால் மங்கிய வெளிச்சத்திலும் இரை தெரியும்!

2005-ல் இந்த ஏரியில் வரிக்குதிரைச் சிப்பி என்ற அந்நியச் சிப்பி தென்பட்டது. அது நீரை வடிகட்டித் தெளியவைக்கும். நல்லதுதானே என்கிறீர்களா? தெளிந்த நீரில் வெளிச்சம் ஆழம்வரை இறங்கும். மங்கலை நம்பி வாழும் மீனுக்கு இடம் சுருங்கும். மீன்வளம் குறைந்ததற்குப் பல காரணங்கள், இதுவும் ஒன்று. 2015 ஆகஸ்டில் இங்கே வால்-ஐ பிடிக்கவே தடை வந்தது. போகிறவர்கள் அந்தந்த ஆண்டின் விதிகளைப் பார்த்துவிட்டுத் தூண்டில் போடுங்கள். கண்ணாடி போன்ற நீர் நமக்குத்தான் அழகு!