தாத்தாவின் பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீங்க!

மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூருக்கு ஏறும் பஸ் பர்லியாரைத் தாண்டித்தான் போக வேண்டும். அரசு பழப்பண்ணையும், சீசனில் மங்குஸ்தானும் பலாவும் விற்கும் சாலையோரக் கடைகளும்தான் அந்த ஊரின் அடையாளம். இலங்கை மலையகத்தை விட்டு வந்த பல குடும்பங்கள் இந்த வளைவுகளில்தான் நீலகிரிக்கு ஏறின.

தலைமுறைகளாக அங்கே தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்கள் அவர்கள். 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி, 5,25,000 பேரை ஏற்க இந்தியா சம்மதித்தது. இந்தியக் குடிமக்களாகப் பதிவாகி, பாஸ்போர்ட் வாங்கி, தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அவர்களுக்கு வேலை தர 1968-ல் அரசு தொடங்கிய தோட்டங்கள்தான் இன்றைய டான்டீ.

அந்த பாஸ்போர்ட், பிறந்த ஊரை விட்டு வருவதற்காக வாங்கியது. 1970-ல் பத்து வயதில் வந்தவருக்கே இன்று அறுபது தாண்டிவிட்டது. பிறந்த லயத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர் ஆசைப்பட்டால், தள்ளிப்போடாதீர்கள். ஆனால், டிக்கெட் போடுவதற்கு முன் சில விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்.

குடியுரிமை பிறப்பாலா, வம்சாவளியாலா, பதிவாலா என்று பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு. இலங்கையில் பிறந்தவருக்கு அங்கேதான் பழைய பாஸ்போர்ட் கைகொடுக்கும். அதில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று முதலிலேயே சரிபார்த்துவிடுங்கள்.

விண்ணப்பித்ததும் கிடைக்கும் ஃபைல் நம்பரையும் பிறந்த தேதியையும் பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் போட்டால், போலீஸ் விசாரணையில் நிற்கிறதா, தபாலில் அனுப்பிவிட்டார்களா என்பது தெரியும். 1800-258-1800 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம்.

கையில் பாஸ்போர்ட் இருந்தால் மட்டும் போதாது. இலங்கையில் இறங்கும் நாளில் இருந்து 6 மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும். 'இடிஏ' எனும் மின்னணுப் பயண அனுமதியும் தேவை. கட்டணமும் சலுகையும் அடிக்கடி மாறுவதால், இலங்கை அரசின் அதிகாரபூர்வத் தளத்திலேயே பாருங்கள். அதே மாதிரி தோற்றத்தில் இருக்கும் ஏஜென்ட் தளங்களில் ஏமாற வேண்டாம்.

அன்று அவர்கள் கிளம்ப வேண்டும் என்பதை இரண்டு அரசுகள் முடிவு செய்தன. இந்த முறை போகும் தேதியையும் திரும்பும் தேதியையும் அவர்களே குறிக்கட்டும்.