ஓசையின் பிறப்பிடம்

எழுத்தொலிகள் மிடறு, நா, இதழ் முதலிய உறுப்புக்களுள் எவ்விடத்துத் தோன்றுகின்றன என்பதைத் தொல்காப்பியனார் பிறப்பியல் என்னும் ஓர் இயலில் ஆராய்ந்துள்ளார். அவ்வியலைப் பயின்ற நாட்களிலேயே, எங்கள் இல்லத்துப் பழைய மோட்டார் சைக்கிளின் ஓசைக்கும் பிறப்பிடம் தேடவேண்டிய நிலைமை எனக்கு நேர்ந்தது.

அவ்வண்டி, என் பாட்டனார் 1972ஆம் ஆண்டில் வாங்கிய புல்லட். இங்கிலாந்திலே பிறந்த அவ்வகை வண்டி, 1955ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து நம் நாட்டதாயிற்று. அதன் எஞ்சினில் சிலிண்டர் ஒன்றே. விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறியிறங்கும் தொலைவு 90 மில்லிமீட்டர்.

சென்ற மார்கழியில் அதன் முழக்கத்தினிடையே ஒரு தட்டோசை புகுந்தது. பட்டறைக்காரர் ஒருவர், "போர் தேய்ந்துவிட்டது, எஞ்சினை முழுவதும் இறக்கவேண்டும்" என்றார். செலவைக் கேட்ட தந்தையார், வண்டியைப் பழைய இரும்பு விலைக்கே விற்றுவிடத் துணிந்தார். பாட்டனார் மறைந்த பின்னும், அவர் கைபட்டுத் தேய்ந்த பிடிகளை மாற்ற மனமின்றி வைத்திருந்த வீடு அது. யான் ஒரு கிழமை தவணை வேண்டினேன்.

எங்கள் தெருவில் புல்லட் வண்டிகளோடு பழகியே தலைநரைத்த முதியவர் ஒருவர் உளர். அவர், "தம்பி, சத்தம் பெரிதா சிறிதா என்று பாராதே, எப்போது, எத்தனை முறை, எங்கே என்று கேள்" என்றார்.

எப்போது? எஞ்சின் குளிர்ந்திருக்கையில் ஒலித்து, சூடேறியபின் மறைவது பெரும்பாலும் பிஸ்டன் ஓசை. அலுமினியக் கலவையாலாகிய பிஸ்டன், வார்ப்பிரும்புச் சிலிண்டரினும் மிகுதியாக விரிந்து இடைவெளியைக் குறைத்துக்கொள்ளும். எங்கள் வண்டியின் தட்டோ சூடேறிய பின்னும் மாறவில்லை.

எத்தனை முறை? கிராங்கு இருமுறை சுழல, வால்வு ஒவ்வொன்றும் ஒருமுறையே திறக்கும். சைலன்சரும் ஒருமுறையே முழங்கும். ஆதலின், ஒரு முழக்கத்திற்கு இரு தட்டுக்கள் கேட்பின் கிராங்கின் பக்கத்தை ஐயுறல் வேண்டும். ஒரு தட்டாயின் வால்வுகளின் பக்கத்தை முதற்கண் நோக்கல் வேண்டும். நாங்கள் கேட்டது ஒன்றே.

எங்கே? நீண்ட திருப்புளியின் நுனியை எஞ்சின்மீது ஊன்றி, அதன் பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்டோம். 1816ஆம் ஆண்டில் லென்னெக் என்னும் பிரெஞ்சு மருத்துவர் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சொலியைக் கேட்டதும் இம்முறையை ஒத்ததே. சிலிண்டரின் வலப்புறத்து அடியில், டாப்பெட் மூடியருகே தட்டு மிகத் தெளிவாயிற்று.

மறுநாட் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்க, இரு வால்வுகளும் மூடிய நிலையில் நிறுத்தி, அம்மூடியைக் கழற்றினோம். தள்ளுதண்டு விரலால் எளிதிற் சுழலல் வேண்டும். மேலுங்கீழும் ஆடுதல் கூடாது. புகை வெளியேறும் வால்வின் தண்டோ நன்கு ஆடிற்று. இரு ஸ்பானர்கள் கொண்டு அதனைச் சரிசெய்தோம், தட்டு நின்றது. காசொன்றும் செலவாகவில்லை. தந்தையார் யாதும் கூறாது, வண்டியைத் துடைத்து, அடுத்த ஞாயிறன்று அதிலேயே ஆலயத்திற்குச் சென்றார்.

மாணவ நண்பர்காள்! பேரோசை யாவும் பெருங்கேட்டைக் குறிப்பதன்று. மேட்டில் ஏறுங்கால் மட்டும் அடியினின்று எழும் மெல்லிய கனத்த இடியோசை, கனெக்டிங் ராடின் அடிப்புறத் தேய்வை உணர்த்தக்கூடும். அஃது எஞ்சினையே அழிக்கவல்லது. செவிக்கு இனிமையின்மை நோக்கி ஒன்றைப் பழுதென்று தள்ளுதல் எளிது. பொறுமையோடு கேட்பவனுக்கே எதனைக் கழற்றவேண்டும், எதனைத் தொடாது விடவேண்டும் என்பது புலனாகும்.