ஆரஞ்சு விளக்கு எரிந்தால்...

வீட்டில் ஆளுக்கொரு கைபேசி, இரண்டு மடிக்கணினி, பரணில் கிடக்கும் பழைய டிஜிட்டல் கேமரா. இவை எல்லாவற்றிலிருந்தும் படங்களையும் வீடியோக்களையும் வாங்கி ஓரிடத்தில் போட்டு வைக்க ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். நாஸ் என்று பெயர். உள்ளே இரண்டோ நான்கோ ஹார்ட் டிஸ்க், அவற்றைக் கவனித்துக்கொள்ள ஒரு குட்டிக் கணினி, பின்னால் ஒரு நெட்வொர்க் கேபிள், அவ்வளவுதான். வாங்கிய முதல் மாதம் வீடே அதைச் சுற்றி வரும். அப்புறம் ரவுட்டருக்குப் பக்கத்தில் தூசி படிந்து கிடக்கும். அது இருப்பதே மறந்து போகும். திடீரென்று ஒருநாள் 'பீப்... பீப்' என்று கத்தும். பச்சை விளக்கு ஆரஞ்சாகிவிடும். மூன்றாவது டிஸ்க்கில் கோளாறு, மாற்றுவது நல்லது என்று ஒரு மின்னஞ்சல் வரும்.

இந்த ஒரு வரிக்குக் குறைந்தது நான்கு அர்த்தம் இருக்கலாம். டிஸ்க் உண்மையிலேயே செத்துக்கொண்டிருக்கலாம். கேபிளோ இணைப்போ தளர்ந்திருக்கலாம். பெட்டிக்குப் போகும் மின்சாரம் தடுமாறியிருக்கலாம். அல்லது டிஸ்க்குக்கு வயதாகிவிட்டது என்பதைத் தவிர வேறொன்றுமே இல்லாமலும் இருக்கலாம். நான்குக்கும் அதே பீப், அதே ஆரஞ்சு. தொல்லையே அதுதான்.

கடைசிக் காரணம் யாரோ கட்டிவிட்ட கதை போலத் தோன்றும். ஆனால் 2023 ஜூன் வாக்கில் பெரிய சண்டையாகவே அது வெடித்தது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் பிளஸ், ரெட் புரோ, பர்ப்பிள் டிஸ்க்குகளை சினாலஜி பெட்டிகளில் போட்டு வைத்திருந்தவர்களுக்கு எச்சரிக்கைகள் வந்தன. பதறிப்போய் உள்ளே துருவிப் பார்த்தால் ஒரு பேட் செக்டர்கூட இல்லை. டிஸ்க் ஓடிய மொத்த நேரம் 3 ஆண்டுகளை, அதாவது 26,280 மணி நேரத்தைத் தாண்டியிருந்தது. குற்றம் அவ்வளவுதான். இதைக் கவனித்துச் சொன்னது டிஸ்க் தயாரித்த நிறுவனத்தின் சொந்தக் கண்காணிப்பு முறை. இத்தனைக்கும் ரெட் புரோவுக்கு அந்த நிறுவனமே கொடுக்கும் உத்தரவாதம் 5 ஆண்டு! அரிசி விற்பவரே வீட்டுக்கு வந்து, 'உங்கள் மூட்டை பழசாகிவிட்டது, புதிது வாங்குங்கள்' என்று மணி அடிப்பது போன்றது இது. புது டிஸ்க் வாங்கிய காசு போனால் போகட்டும். இப்படி ஒருமுறை ஏமாந்தவர் அடுத்த எச்சரிக்கையைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார். அந்த எச்சரிக்கை நிஜமாக இருந்துவிட்டால்?

சரி, பெட்டி கத்துகிறது. முதலில் என்ன செய்வது?

பலரும் செய்வது, பெட்டியை அணைத்து மறுபடி போடுவது. அல்லது டிஸ்க்கை உருவிப் பார்ப்பது. அல்லது, 'பழுது பார்' என்று திரையில் தெரியும் பொத்தானை அழுத்துவது. மூன்றுமே இரண்டாவது வேலைகள். பெட்டி இன்னும் ஓடுகிறது, கோப்புகள் திறக்கின்றன என்றால் முதல் வேலை நகல் எடுப்பதுதான். அதிலும் எல்லாவற்றையும் அல்ல. தரவிறக்கிய சினிமாவை மறுபடி தரவிறக்கலாம். தாத்தாவின் அறுபதாம் கல்யாண வீடியோவை எங்கே போய்த் தரவிறக்குவது? திரும்பக் கிடைக்காதவை எவையோ அவை முதலில் ஒரு யுஎஸ்பி டிஸ்க்குக்குப் போகட்டும். சோதனைகளை ஓட்டுவதும் அதற்குப் பிறகுதான். சாகக் கிடக்கும் டிஸ்க்கை முழுச் சோதனைக்கு அனுப்புவது, மூச்சு வாங்குகிறவரை மாடிப்படி ஏறச் சொல்லிப் பரிசோதிப்பது மாதிரி.

நகல் எடுத்தாயிற்றா? இப்போது எண்களைப் பார்க்கலாம். ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும். இந்த ஏற்பாட்டுக்கு ஸ்மார்ட் என்று பெயர். இதற்கு முன்னோடியான ஒன்றை ஐபிஎம் 1992லேயே கொண்டு வந்துவிட்டது. நாஸ் பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் இந்தப் பட்டியல் இருக்கும். இருபது முப்பது வரிகள். அதன் தலைப்பில் 'தேர்ச்சி' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. நூற்றுக்கணக்கான செக்டர்கள் கெட்டுப்போன டிஸ்க்குக்கும் தாராளமாகத் தேர்ச்சி போடுவார்கள் (தயாரிப்பாளரே கேள்வித்தாள் எழுதி, அவரே திருத்தும் தேர்வு!).

பார்க்க வேண்டியவை நான்கே வரிகள். 5ஆம் எண், கெட்டுப்போனதால் வேறு இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்கள். 197, படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்பவை. 198, டிஸ்க் தானே சோதித்துப் பார்த்தும் திருத்த முடியாதவை. இந்த மூன்றில் ஏதாவது சுழியமாக இல்லாவிட்டால் கோளாறு டிஸ்க்குக்குள்ளேயே இருக்கிறது. இன்று 8, அடுத்த வாரம் 40 என்று ஏறிக்கொண்டே போனால் பேச்சே வேண்டாம், மாற்றிவிட வேண்டியதுதான். நான்காவது வரி 199. இது டிஸ்க்குக்கும் பெட்டிக்கும் இடையே தகவல் போகும் வழியில் ஏற்பட்ட பிழைகளின் எண்ணிக்கை. மற்ற மூன்றும் சுழியமாக இருந்து இது மட்டும் ஏறினால், பெரும்பாலும் குற்றவாளி சாட்டா கேபிள்தான். கேபிளே இல்லாத பெட்டியாக இருந்தால், டிஸ்க் போய்ச் செருகும் இடம். பெட்டியை முறையாக அணைத்து, டிஸ்க்கை வெளியே எடுத்து அழுத்திச் செருகினாலே பல நேரம் சரியாகிவிடும். இந்த எண் ஒருபோதும் குறையாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பழைய 57 அப்படியே 57ஆக நின்றால் நோய் போய்விட்டது என்று பொருள்.

சீகேட் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு ஒரு ஆறுதல் வார்த்தை. 1, 7 ஆகிய வரிகளில் கோடிக்கணக்கில் ஏதோ எண் தெரியும். பார்த்ததும் வயிற்றைக் கலக்கும். அது பிழைகளின் எண்ணிக்கை மட்டும் அல்ல; எத்தனை முறை படித்தது, தேடியது என்பதையும் சேர்த்து அடைத்து வைத்த எண். கண்டுகொள்ள வேண்டாம்.

இரண்டு டிஸ்க்குகள் ஒரே நாளில் கத்தினால் கதை வேறு. இரண்டும் சேர்ந்து சாகக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை; ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தவையாக இருந்தால் நடக்கவும் நடக்கும். ஆனாலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது சுவரில் மாட்டியிருக்கும் மின்சார அடாப்டரை. அது களைத்துப் போனால் நல்ல டிஸ்க்கும் நோயாளி போல நடிக்கும்.

எண்கள் எல்லாமே சுழியம், அப்படியானால் நிம்மதியாகத் தூங்கலாமா என்கிறீர்களா? கூகுள் ஆராய்ச்சியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டிஸ்க் தன் பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழை தென்பட்டால், அடுத்த 60 நாட்களுக்குள் அது செயலிழக்கும் வாய்ப்பு, பிழையே இல்லாத டிஸ்க்கைப் போல 39 மடங்கு. எச்சரிக்கையை அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அதே கட்டுரையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. செயலிழந்த டிஸ்க்குகளில் 36 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை, வெப்பநிலையை விட்டுவிட்டுப் பார்த்தால், ஸ்மார்ட்டில் எந்த அறிகுறியையும் காட்டாமலேயே போய்ச் சேர்ந்தன. பச்சை விளக்குக்கு உள்ள மதிப்பு அவ்வளவுதான்.

'அதுதான் ரெய்டு போட்டிருக்கிறதே!' என்று ஒரு குரல் கேட்கிறது (வருமான வரிக்காரர்கள் நடத்துவது அல்ல). பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டி, ஒன்று போனாலும் மற்றவை தாங்கும்படி செய்யும் ஏற்பாடு இது. பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 1988இல் எழுதிய கட்டுரை அதற்கு இந்தப் பெயரைத் தந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தவறுதலாக ஒரு போல்டரை அழித்தால் எல்லா டிஸ்க்கிலும் சேர்த்தே ஒழுங்காக அழித்து வைக்கும். அது பேக்கப் அல்ல. தவிர, டிஸ்க்கை மாற்றியதும் வரும் மறுகட்டுமானம்தான் அதன் உண்மையான சோதனை. நான்கு 4 டிபி டிஸ்க்குகள், ரெய்டு 5 என்று வைத்துக்கொள்வோம். புது டிஸ்க்கை நிரப்ப, மிச்சமிருக்கும் மூன்றையும் முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை, 12 டிபி, படித்தாக வேண்டும். சாதாரண டிஸ்க்குகளின் விவரத்தாளில், 12.5 டிபி படித்தால் ஒரு பிழை வரலாம் என்கிற அளவில்தான் உத்தரவாதமே இருக்கிறது. நடைமுறையில் டிஸ்க்குகள் அதைவிட நன்றாகவே உழைக்கின்றன. ஆனாலும் பல ஆண்டுகளாக யாரும் தொடாத பழைய கோப்புகள் கிடக்கும் மூலைகளை அன்றுதான் முதல்முறையாகத் தொடுகிறார்கள். இரண்டாவது டிஸ்க் படுத்துக்கொள்வது அந்த இரவில்தான். நகல் முதலில் என்று மேலே வலியுறுத்தியது இதற்காகவே.

இதைவிட அநியாயமான சாவு ஒன்று உண்டு: கெட்டதை விட்டுவிட்டு நல்ல டிஸ்க்கை உருவிவிடுவது. திரையில் 3 என்றால் இடமிருந்து மூன்றாவதா, வலமிருந்தா? சுழியத்திலிருந்து எண்ணுகிறதா? சொந்தமாகக் கட்டிய பெட்டிகளில், கணினியை மறுபடி தொடங்கினால் டிஸ்க்கின் பெயரே மாறிவிடும். மாறாதது வரிசை எண் ஒன்றுதான். அதன் கடைசி நான்கு இலக்கங்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒவ்வொரு தட்டின் முகப்பிலும் ஒட்டி வைக்க ஐந்து நிமிடம் ஆகும். பெட்டி நன்றாக இருக்கும்போதே செய்துவிட வேண்டிய வேலை இது.

புது டிஸ்க் வந்ததும் நேரே உள்ளே போடாமல், வேறு கணினியில் வைத்து முழுச் சோதனை ஓட்டிவிடுவது நல்லது. 8 டிபி என்றால் அரை நாள் பிடிக்கும்.

கழற்றிய டிஸ்க்கை என்ன செய்வது? உத்தரவாதம் மிச்சமிருந்தால் திருப்பி அனுப்பலாம். ஓடுகிற டிஸ்க் என்றால் முழுக்க அழித்துவிட்டு அனுப்பலாம். ஓடாததை அழிக்க வழியில்லை. ரெய்டு 5இலிருந்து வந்த டிஸ்க்கில் எல்லாம் துண்டு துண்டாகத்தான் இருக்கும். இரண்டு டிஸ்க்கைக் கண்ணாடி போல ஒன்றுக்கொன்று நகலாக வைத்திருந்தவர்களுக்கோ குடும்பத்தின் அத்தனை படங்களும், வங்கிக் காகிதங்களும் அப்படியே உள்ளே. அவற்றை முன்பின் தெரியாத ஒரு கிடங்குக்கு அனுப்பிப் புது டிஸ்க் வாங்குவதா, சுத்தியலை எடுப்பதா? பல வீடுகளில் மூன்றாவது வழியைப் பிடித்துக்கொண்டு, அதைப் பரணில், பழைய கேமராவுக்குப் பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள்.