கெளுத்திக்கு ஒரு ஊசி

நாட்டுக் கெளுத்தி மழை பார்த்து முட்டையிடும் மீன். பருவமழையில் வயலிலும் குளக்கரையிலும் புதுத்தண்ணீர் ஏறினால் கரையோரக் குழியில் முட்டையிடும். ஆண் காவல் காக்கும். தொட்டியில் அடைத்து வளர்த்தால் வயிற்றில் சினை நிறையுமே தவிர முட்டை வெளிவராது. புதுத்தண்ணீரின் தூண்டல் இல்லாததால் மூளையிலிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்குப் போதிய கட்டளை போவதில்லை. டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் வேறு அந்தச் சுரப்பியின் ஹார்மோன் சுரப்பைத் தடுத்து நிற்கிறது. பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்ட (பி.ஏ.பி.) வாய்க்கால் தண்ணீரையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பியிருக்கும் பல்லடம் வட்டாரத்தில் மழையை எதிர்பார்த்துக் குஞ்சு பொரிக்க முடியாது. மழை செய்வதை ஊசி செய்ய வேண்டும்.

1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹிராலால் சௌத்ரியும் உடன் இருந்தவர்களும் பிட்யூட்டரிச் சாற்றைச் செலுத்திக் கெண்டை மீன்களை முட்டையிட வைத்தார்கள். அந்த நாள்தான் இன்று தேசிய மீன் விவசாயிகள் தினம். இப்போது ஓவாப்ரிம், ஓவாடைட் என ஆயத்த மருந்துகள் கிடைக்கின்றன. ஓவாப்ரிமில் சால்மன் மீனின் ஹார்மோனை ஒத்த செயற்கைப் பொருளும் டோம்பெரிடோனும் இருக்கின்றன. மனிதர் வாந்திக்கு விழுங்கும் மாத்திரையில் உள்ள அதே டோம்பெரிடோன்தான் இங்கே டோபமினின் தடையை நீக்குகிறது.

ஊசி போட்ட கெண்டை தானாகவே முட்டையிட்டுவிடும். கெளுத்திக்குக் கை வேண்டும், அதுவும் பழகிய கை. வயிறு உப்பி மெத்தென்று இருக்கிறதா, லேசாக அழுத்தினால் ஒரே அளவான முட்டைகள் வருகின்றனவா என்று பார்த்தே தாய் மீனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்வு தவறினால் எந்த மருந்தும் உதவாது. மாலையில் முதுகுத் துடுப்பின் அருகே சதையில் ஊசி. துள்ளி வெளியே விழாமல் இருக்கத் தொட்டிக்கு மேல் வலை. ஏறக்குறைய 14 முதல் 17 மணி நேரம் கழித்து, மறுநாள் காலையில் முட்டையைப் பிழிகிறார்கள். ஈரத்தை ஒற்றி எடுத்த மீனின் வயிற்றை மேலிருந்து கீழாக நீவும்போது பழுப்பு நிற முட்டைகள் உலர்ந்த பாத்திரத்தில் வழுக்கி விழும். கருவுறுமுன் தண்ணீர் பட்டால் முட்டை கெட்டுவிடும்.

ஆண் மீனிடம் விந்தைப் பிழிந்தெடுக்க இயலாது. வயிற்றைக் கிழித்து விந்தகத்தை எடுத்து உப்புக் கரைசலில் நசுக்கிச் சேர்க்க வேண்டும், ஆண் இறந்துவிடும். இந்தத் தொழிலின் கனமான பகுதி இதுவே. ஓர் ஆணின் விந்து ஒன்றுக்கு மேற்பட்ட தாய் மீன்களின் முட்டைக்குப் போதும் என்பதால் கணக்குப் பார்த்தே கத்தியை எடுக்க வேண்டும். கலக்குவதற்குக் கரண்டி ஆகாது, பறவை இறகுதான். கறிக்கோழிப் பண்ணைகள் சூழ்ந்த பல்லடத்தில் இறகுக்கா பஞ்சம்?

ஒட்டும் முட்டைகளை ஓடும் தண்ணீரில் பரப்பினால் ஒரு நாளைக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் பொரியும். வெளுத்த முட்டைகளை உடனே அகற்றாவிட்டால் பூஞ்சை மற்றவற்றுக்கும் பரவும். மூன்று நான்கு நாளில் கருவுணவுப் பை தீர்ந்ததும் ஆர்ட்டீமியா, நுண் விலங்குகள் என உயிருணவு தேவை. பெரியது சிறியதை விழுங்கும். அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வேகமாக வளரும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் இதே ஊசிக்கு முட்டையிடும். கோழிக்கழிவைத் தின்றே பெருத்துவிடும் மீன் அது. கோழிக்கழிவு மலிந்த வட்டாரத்தில் அதன் மீது ஆசை எழுவது இயல்பு. ஆனால் வெள்ளத்தில் தப்பி ஆற்றில் சேர்ந்தால் நாட்டு மீன்களைத் தின்று தீர்க்கும். இந்தியாவில் அதை வளர்க்கத் தடை இருக்கிறது. பொரிப்பகம் நாட்டுக் கெளுத்திக்கே இருக்க வேண்டும்.