ராத்தாவின் மூன்றாம் பாகம்

சென்ற தவணை, தரம் பத்தில் படிக்கும் பிள்ளையொன்று ஒரு கொப்பியை என் மேசையில் வைத்தாள். "தமிழ்த்தினப் போட்டிக்கு, சேர்" என்றாள். முதற்பக்கத்தில் 'இரண்டாம் பாகம்' என்று எழுதியிருந்தது. முதலாம் பாகம் எங்கே என்று கேட்டேன். போன வருடம் எழுதியதாம், உம்மா பழைய கடதாசிகளோடு சேர்த்துப் போட்டுவிட்டாராம்.

கதையில் இரண்டு சகோதரிகள். ஒருத்தி அரண்மனையில், மற்றவள் கடற்கொள்ளையரின் கப்பலில். மந்திரியொருவன் இருவருக்கும் இடையே பொய்க் கடிதங்களை அனுப்பிக்கொண்டிருக்கிறான். எழுத்துப் பிழைகள் நிறைய. ஆனால் ஒரே மூச்சில் பன்னிரண்டு பக்கம் வாசித்துவிட்டேன்.

வாசித்துவிட்டு, இருபது வருடமாகத் தமிழ் படிப்பிக்கிறவன் வாயில் வழக்கமாக வருவதையே சொன்னேன். "மகள், கம்பளையிலிருந்து கடல் எவ்வளவு தூரம்? நம்முடைய ஊரைப் பற்றி, வீட்டைப் பற்றி எழுதினால் என்ன?" தலையாட்டிவிட்டுக் கொப்பியை எடுத்துக்கொண்டு போனாள். அன்று பின்னேரம் பஸ் மகாவலிப் பாலத்தைக் கடக்கும்போதுதான் ராத்தாவின் ஞாபகம் வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். ராத்தா சாதாரண தரப் பரீட்சை எழுதுவதற்கு முன்பே பாடசாலையிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டில் இருந்தார். வாசிகசாலையிலிருந்து புத்தகம் கொண்டுவருவது என் வேலை. அப்படித்தான் சாண்டில்யனின் 'கடல் புறா' வீட்டுக்கு வந்தது. சோழரின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமானைக் கதாநாயகனாக்கி, ஸ்ரீவிஜய சாம்ராஜ்யத்தின் அரண்மனைச் சூழ்ச்சிகளையும் கடற்கொள்ளையரையும் கலந்து, மூன்று பாகங்களில் எழுதிய கதை. குமுதத்தில் தொடராக வந்தது. பெண்களை வர்ணிக்கும் பக்கங்களை ராத்தா இரண்டு இரண்டாகப் புரட்டிவிடுவார். (நான் புரட்டவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.)

அதில் அமீர் என்றொரு அரபி வருவான். பார்த்தால் பயப்படத் தக்க ஆள், ஆனால் கதாநாயகனின் பக்கம். தமிழ்ச் சரித்திர நாவலொன்றில் நம்முடைய பெயரொன்றை, அதுவும் நல்லவனின் கப்பலில் கண்டது எனக்கு வெள்ளைக் காகத்தைக் கண்ட மாதிரி இருந்தது. அன்றைய கடலில் அரபிகளும் சீனரும் இருந்தார்கள் என்று பாடப்புத்தகத்துக்கு முன்னரே எனக்குச் சொன்னது அந்த நாவல்தான். ராத்தாவின் முறைப்பாடு வேறு. "இவனுக்கு உம்மா இல்லையா? ராத்தா தங்கச்சி ஒத்தரும் இல்லையா?"

இரண்டு பாகங்கள் முடிந்தன. மூன்றாவது வாசிகசாலையில் இல்லை. ஒரு மாதம் அலைந்தேன். பிறகு, மழைக்குக் கரண்ட் போன ஓரிரவு, குப்பி விளக்கடியில் ராத்தாவே மூன்றாம் பாகத்தைச் சொல்லத் தொடங்கினார். அதில் அமீருக்கு இரண்டு சகோதரிகள். நானாவைத் தேடிக் காயல்பட்டினத்திலிருந்து கப்பலேறி வருகிறார்கள். மூத்தவள் புடைவை விற்பவளாக ஸ்ரீவிஜய அரண்மனைக்குள் நுழைந்து, திரைக்குப் பின்னால் நின்று மந்திரிகளின் பேச்சைக் கேட்கிறாள். இளையவள் கொள்ளையரிடம் பிடிபட்டு, அவர்களுடைய கப்பலையே தன்வசமாக்கிக்கொள்கிறாள். "இப்ப கப்பல் அவட கையில ஈக்கி" என்று நிறுத்திவிட்டு ராத்தா விளக்கை ஊதுவார். எனக்கும் தங்கச்சிக்கும் தூக்கம் வராது.

அடுத்த மாதம் ராத்தாவுக்கு நிக்காஹ் ஆனது. கப்பல் துறைமுக வாயிலிலேயே நின்றுபோனது.

பல வருடங்களுக்குப் பின், அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில், இப்னு பதூதாவின் பயண நூலை ஆங்கில மொழிபெயர்ப்பில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன். நம்முடைய மேடைகளில் இப்னு பதூதா என்றால் பாவா ஆதம் மலையோடு பேச்சு முடிந்துவிடும். மிஞ்சிப்போனால், அவர் சொல்லும் 'குனகார்' நம்முடைய கம்பளைதானா, குருநாகலா என்றொரு வாதம் நடக்கும். அதற்கு முந்திய மாலைதீவு அத்தியாயத்தைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

1343இல் அவர் அங்கே போய் இறங்கும்போது ஆட்சியில் இருந்தது ஒரு பெண், சுல்தானா கதீஜா. தம்பி பதவியிறக்கப்பட்ட பின் அரச குடும்பத்தில் எஞ்சியவர்கள் மூன்று சகோதரிகள்: கதீஜா, மர்யம், பாத்திமா. மூத்தவரை அரியணையில் ஏற்றினார்கள். வெள்ளிக்கிழமைக் குத்பாவில் அவருடைய பெயர் சொல்லப்பட்டது. கட்டளைகள் ஓலையில் இரும்பால் கீறி எழுதப்பட்டன. அதிகாரமோ வசீராக இருந்த கணவரின் கையில். காழியாக நியமிக்கப்பட்ட இப்னு பதூதா அங்கே பெரிய குடும்பங்களில் பெண்ணெடுத்து, வசீரோடு பகைத்து, 1344இல் வெளியேறுகிறார். இலங்கைக்கு வந்து மலையேறிய பின் மதுரைச் சுல்தானிடம் போய், மாலைதீவின்மீது படையெடுக்கத் திட்டம் போடுகிறார். கதீஜாவின் தங்கைகளில் ஒருவரைச் சுல்தானுக்கு மணம் பேசுவதும் அந்தத் திட்டத்தில் சேர்த்தி. படையெடுப்பு நடக்கவில்லை. பிறகு மலபார்க் கரையோரம் பன்னிரண்டு கப்பல்களில் வந்த கொள்ளையர், இலங்கை மன்னன் கொடுத்த மாணிக்கங்கள் உட்பட, அவரிடமிருந்த எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள்.

சகோதரிகள், கொள்ளையர், அரண்மனைச் சூழ்ச்சி. ராத்தா இதையெல்லாம் வாசித்தவரல்லர். அந்தப் பிள்ளையும் வாசித்திருக்க மாட்டாள். நான் வாசித்தவன். வாசித்தவன்தான் கடல் எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

மறுநாளே அவளைக் கூப்பிட்டேன். அதற்குள் புதிதாக ஒன்று எழுதி முடித்திருந்தாள். 'எங்கள் ஊரில் மழை.' பிழையே இல்லை. ஒன்றரைப் பக்கம். கொட்டாவியை அடக்கிக்கொண்டு வாசித்தேன். "அந்தக் கொப்பி?" என்றேன். "வீட்டில ஈக்கி, சேர்." கொண்டுவரச் சொன்னேன். இன்னும் கொண்டுவரவில்லை. இரண்டு தடவை ஞாபகப்படுத்தினேன். தலையாட்டுகிறாள்.

போன வெள்ளிக்கிழமை ராத்தாவுக்கு டெலிபோன் எடுத்தேன். அவருக்கு இப்போது பேரப்பிள்ளைகள். 'கடல் புறா'வின் மூன்றாம் பாகம் கொழும்பில் கிடைத்தது, கொண்டுவந்து தரட்டுமா என்றேன்.

"வாணாம். கண்ணும் தெரியிதில்ல" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அமீர்ட தங்கச்சிய நான் எங்க வெச்சிட்டுப் போன?" என்று கேட்டார்.

"துறைமுக வாசல்ல, ராத்தா. கப்பல் அவட கையில."

"கொஞ்சம் இரி, அடுப்புல பால் ஈக்கி" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் டெலிபோனை வைக்காமல் காத்திருந்தேன்.