சிவப்புப் பெட்டி நீலமான கதை

எங்க வீட்டு அடுக்களையில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் கடுகு இருக்கும். பிஸ்கட் டப்பாவில் மிளகாய்த்தூள் இருக்கும். அம்மாவுக்கு எல்லாம் அத்துப்படி. அம்மா ஊருக்குப் போன அன்றுதான் நாங்கள் திண்டாடுவோம். இதே கூத்தை நான் கணினியில் செய்தேன்.

போன பருவத்தில் நானும் என் நண்பனும் நூலகத்துக்கு ஓர் இணையப் பக்கம் செய்தோம். பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை எச்.டி.எம்.எல். சொல்லும், அது எப்படித் தோன்ற வேண்டும் என்பதை சி.எஸ்.எஸ். சொல்லும். இரண்டையும் இணைக்கும் பாலம்தான் 'கிளாஸ்' பெயர். அந்தப் பெயர்களை வைத்தவன் நான். அறிவிப்புப் பெட்டி சிவப்பு, அதனால் 'ரெட்-பாக்ஸ்'. தாமதக் கட்டணப் பெட்டியும் சிவப்புதானே என்று அதற்கும் அதே பெயர். புத்தகப் பட்டியல் இடப்பக்கம் இருந்ததால் 'லெஃப்ட்'.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்து, "அறிவிப்பு நீலமாக இருக்கட்டும், பக்கம் செல்போனிலும் சரியாகத் தெரியணும்" என்றார் ஆசிரியர். நண்பன் 'ரெட்-பாக்ஸ்' நிறத்தை மாற்றினான். தாமதக் கட்டணமும் சேர்ந்து நீலமாகிவிட்டது! செல்போனின் சின்னத் திரையில் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. இடம் வலமே இல்லாத இடத்தில் 'லெஃப்ட்' எது? இரவெல்லாம் விழித்துத் தேடியவன், மறுநாள் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினான். "பேர் வச்சது அவன் சார்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பி வந்த நானும் சொல்லவில்லை.

பிறகு இருவரும் உட்கார்ந்து பெயர்களை மாற்றினோம். தோற்றத்தை வைத்து அல்ல, வேலையை வைத்து: 'நோட்டீஸ்', 'ஃபைன்', 'புக்-லிஸ்ட்'. தலைப்பகுதிக்கு ஹெடர், இணைப்புப் பட்டைக்கு நேவ், நடுப்பகுதிக்கு மெயின், அடிப்பகுதிக்கு ஃபுட்டர் என்று எச்.டி.எம்.எல். 5-இலேயே குறிகள் உண்டு. எது எந்தப் பக்கம் என்பதை சி.எஸ்.எஸ். 'கிரிட்' பார்த்துக்கொள்ளும். இனி நிறம் மாறினாலும் இடம் மாறினாலும் பெயர் பொய்யாகாது.

1996 டிசம்பரில் சி.எஸ்.எஸ்.-இன் முதல் தரம் வந்ததே, பொருளிலிருந்து தோற்றத்தைப் பிரித்து வைக்கத்தான். நானோ பெயரிலேயே அதை மறுபடி ஒட்டிவிட்டேன்.

பெயர் வைப்பது நமக்காக அல்ல. நமக்குப் பிறகு அந்தக் கோப்பைத் திறக்கப் போகிறவனுக்காக. அன்று சொல்லாததை இந்த மலரில் சொல்லிவிடுகிறேன்: தப்பு என்னுடையதுதான்டா, மன்னிச்சுக்கோ.