அவனா, அவளா?

பிறர் பேச்சில் பிழை பிடிப்பதென்றால் நம்மில் பலருக்கு வெல்லம். எனக்கும் அந்தப் பலவீனம் உண்டு. அதற்குச் சரியான தண்டனையும் கிடைத்தது, சொல்லுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் சிங்கப்பூரில் மகன் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். சீனாவிலிருந்து படிக்க வந்த பெண் ஒருத்தி அடுத்த வீட்டில் குடியிருந்தாள். இங்கிலீஷ் பேசிப் பழக மாலை வேளைகளில் என்னிடம் வருவாள். கெட்டிக்காரப் பெண். ஆனால் 'ஹீ', 'ஷீ' என்ற இரண்டு சொற்கள் மட்டும் அவள் வாயில் இடம் மாறிக்கொண்டே இருக்கும். தாத்தா 'ஷீ' ஆவார். அக்காள் 'ஹீ' ஆவாள். நானும் விடாமல் திருத்துவேன்.

ஒரு நாள் முகம் வாடி வந்தாள். "மதர் இன் ஹாஸ்பிடல். ஹீ நாட் ஈட்டிங்" என்றாள்.

"ஷீ" என்றேன் நான், பழக்க தோஷத்தால்.

"ஷீ நாட் ஈட்டிங்" என்று பாடம் ஒப்பிக்கிறவளைப் போலத் திருப்பிச் சொன்னாள். அப்புறம் அழுதுவிட்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக் கொள்ளலாம் போலிருந்தது.

பிறகு ஒரு நாள் அவளே விளக்கினாள். சீனப் பேச்சில் அவனுக்கும் அவளுக்கும் 'தா' என்ற ஒரே ஒலிதான். முன்பு எழுத்தும் ஒன்றாகவே இருந்தது. பெண்ணைக் குறிக்கும் பகுதி சேர்ந்த வேறோர் எழுத்தை 'அவளு'க்கென்று வழக்கில் கொண்டுவந்தவர் லியூ பன்னோங் என்ற கவிஞர். 1920-ல் லண்டனில் இருந்தபோது, அவளை நினைக்காமல் இருப்பதெப்படி என்று ஒரு கவிதையும் எழுதினார். பின்னால் அது பாட்டாயிற்று. கண்ணால் படிப்பவனுக்கு 'அவள்' என்று தெரியும். காதால் கேட்பவனுக்கோ ஆணும் பெண்ணும் ஒன்றுதான்! எழுத்து மாறியதே தவிர, நாக்கு மாறவில்லை.

நாம் மட்டும் என்னவாம்? "டாக்டர் வந்தார், அவர் மருந்து கொடுத்தார்" என்கிறோம். அந்த 'அவர்' ஆணா, பெண்ணா? நம் மொழியில் மரியாதை வந்ததும் ஆண், பெண் பேதம் மறைந்துவிடுகிறது. அதை யாரும் பிழை என்பதில்லை.

மூன்று வாரம் கழித்து அந்தப் பெண் ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மதர் கேம் ஹோம், ஸார்! ஹீ இஸ் ஈட்டிங்!"

"வெரி குட்!" என்றேன். அந்த வாக்கியத்தில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை.